தகரக் கூரைக்குக் கீழே ஓவர்கிளாக்

“அண்ணே, சாப்ட்வேர் போட்டுட்டேன், ஆனா பட்டை நகர மாட்டேங்குது” என்று எதிர்வீட்டுத் தம்பி லேப்டாப்போடு வந்து நின்றான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மதியம் இரண்டு மணி, மேலே தகரக் கூரை. திரையில் இன்டெல்லின் எக்ஸ்ட்ரீம் டியூனிங் யூட்டிலிட்டி; பிராசசரை அதற்கு வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்ட, அதாவது ஓவர்கிளாக் செய்ய உதவும் சாப்ட்வேர். வேகத்தைக் கூட்டும் பட்டை சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

பிராசசர் பெயரின் வாலைப் பார்க்காததுதான் அவன் செய்த முதல் தவறு. அவனுடையது ஐ5-8250யூ. யூ என்று முடிந்தால் வேகத்தைக் கூட்ட முடியாதபடி பூட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். இன்டெல் லேப்டாப்களில் எச்கே, எச்எக்ஸ் வகைகளில்தான் பெரும்பாலும் பூட்டு திறந்திருக்கும். அதையும் தயாரிப்பாளரின் பயாஸ், அதாவது லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல், விட்டுக்கொடுக்க வேண்டும்.

சரி, பூட்டே இல்லையென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தடுப்பது சூடுதான். இந்த சிப்பின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் தானாகவே 3.4 வரை ஏறும். 15 வாட்டுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேமைத் திறந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் மூன்றுக்கு மேல் ஓடியது, அப்புறம் இரண்டு சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. இருக்கிற வேகத்தையே தாங்க முடியாததற்கு இன்னும் கூட்டி என்ன பயன்? மின்னழுத்தத்தையும் வேகத்தையும் பத்துப் பத்து சதவீதம் ஏற்றினால் மின்செலவு சுமார் 33 சதவீதம் கூடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும்; அதற்கு இருப்பதோ விரல் தடிமன் ஃபேன்.

தனி கிராபிக்ஸ் சிப் உள்ளவர்கள் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாப்ட்வேரில் அதன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். ஒரே மூச்சில் 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றிவிட்டு, விண்டோஸ் திறக்கும்போதே அமலாகும்படி டிக் போட்டு வைப்பதுதான் தப்பு. கருப்புத் திரை வந்தால் ஒவ்வொரு முறையும் அதே திரைதான்.

மின்னழுத்தத்தைக் குறைப்பது உண்மையிலேயே நல்ல வழி, சூடு இறங்கும். ஆனால் அந்த வசதியை வைத்தே தாக்க வழிவிடும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை 2019 டிசம்பரில் வெளியானபின், பல தயாரிப்பாளர்கள் பயாஸ் அப்டேட்டில் அந்த வசதியையே மூடிவிட்டார்கள். அதைத் திறப்பதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்பினால் அந்த ஓட்டையும் கூடவே திறக்கும். நான் செய்ய மாட்டேன்.

தம்பியின் லேப்டாப்பைக் கழற்றினோம். ஃபேனுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவே பஞ்சும் பூனை முடியும் திரண்டு, கம்பளித் துண்டு மாதிரி முழுதாக உரிந்து வந்தது. மெத்தையில் வைத்து விளையாடுகிற பழக்கம்! தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினோம். ரேம் ஒன்றுதான் இருந்தது. அதே அளவில் இன்னொன்று போட்டோம். தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் படமும் அதே ரேமில்தான் ஓடுகிறது. இரண்டு இருந்தால் பாதை அகலம்.

இப்போது அந்த லேப்டாப்பின் பின்பக்கம் இரண்டு மைலோ டின்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. அவன் அதைத் திறந்து பார்ப்பதில்லை.