மக்காச்சோளத்துக்கு எரு போடுவது எப்படி: மக்க வைக்காமல் போட்டுக் கெட்டுப்போனவன் சொல்கிறேன்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து ஒரு டிராக்டர் எரு வாங்கி, சூடுகூட ஆறாமல் வயலில் இறைத்துவிட்டு நாலாம் நாளே மக்காச்சோளம் ஊன்றினேன். முளைத்த பயிரெல்லாம் நுனி கருகி நின்றது, எருக்கட்டி விழுந்த இடங்களில் முளைக்கவே இல்லை. பச்சைக் கோழி எருவிலிருந்து கிளம்பும் அமோனியாவும் அதில் உள்ள உப்பும் இளம் வேரைச் சுட்டுவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாட்டுச் சாணம் இவ்வளவு மோசம் பண்ணாது, ஆனாலும் பச்சையாகப் போட்டால் களைவிதையும் புழுவும் சேர்ந்தே வயலுக்கு வரும்.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் கரிசலில் புரட்டாசி மழையை நம்பி ஊன்றுகிறோம். அதனால் குவியல் போடும் வேலையை ஆனி கடைசியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். இறவைப் பயிர் (கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சும் பயிர்) என்றால் விதைக்கும் நாளிலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணிக்கொள்ளுங்கள்.

1. பொருள் சேர்ப்பது

மாடு தின்று கழித்த தட்டை (காய்ந்த தண்டு), கட்டுத்தறியில் கூட்டிய குப்பை, காய்கறிக் கழிவு, வேப்பந்தழை, எது கிடைத்தாலும் சரி. பிளாஸ்டிக் பையும் குட்கா கவரும் மட்டும் வேண்டாம், கையால் பொறுக்கிவிடுங்கள். மக்காச்சோளத் தட்டையை முழுசாகப் போட்டால் ஆறு மாதமானாலும் மக்காது, அரை சாண் துண்டாக வெட்டிவிடுங்கள். சாம்பலைச் சாணத்தோடு கலக்காதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போய்விடும். எங்கள் வீட்டில் அடுப்புச் சாம்பலைக் குப்பையில் கொட்டுவதை நிறுத்தவே ஒரு வருடம் ஆனது.

2. குவியல் போடுவது

முதல் தடவை கால் ஏக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 5 அடி அகலம், 4 அடி உயரம், 10 அடி நீளம் போதும். மக்கி முடிக்கும்போது பாதியாக அமுங்கி, ஏறக்குறைய ஒண்ணேகால் டன் தேறும். ஏக்கருக்கு 5 டன் என்பதுதான் வழக்கமான பரிந்துரை, கால் ஏக்கருக்கு அது சரியாக வரும். மர நிழலாகவும் மழைத்தண்ணீர் தேங்காத மேடாகவும் இருக்கட்டும்.

அரை அடிக்குத் தட்டை, அதன்மேல் சாணிக்கரைசல், மேலே ஒரு கூடை வயல் மண், மறுபடி தட்டை, இப்படியே ஏற்றிக்கொண்டு போங்கள். கோழி எரு கிடைத்தால் சாணத்துக்குப் பதிலாக மெல்லிசாகத் தூவலாம், அதில் தழைச்சத்து அதிகம் என்பதால் தட்டையைத் தாராளமாகப் போட வேண்டும். மூக்கைத் துளைக்கிற மாதிரி அமோனியா வாடை வந்தால் தட்டை போதவில்லை என்று அர்த்தம். ஈரம் பார்க்க ஒரு கை அள்ளிப் பிழியுங்கள், விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி, ஒழுகினால் அதிகம்.

3. சூடு பார்ப்பதும் புரட்டுவதும்

நாலைந்து நாளில் உள்ளே சூடேறும். ஒரு கடப்பாரையை நடுவில் செருகி, பத்து நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள், கையில் வைத்திருக்க முடியாத அளவு சுட வேண்டும். அந்தச் சூட்டில்தான் களைவிதைகள், பார்த்தீனிய விதை உட்பட, பெரும்பாலும் செத்துப்போகும். சூடு ஏறவே இல்லை என்றால் ஈரமோ சாணமோ குறைவு. பதினைந்து நாளைக்கு ஒரு முறை உள்ளே இருப்பது வெளியே வருகிற மாதிரி புரட்டிப் போடுங்கள். புரட்டும்போது வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள், அதில் வேர் தின்னும் சாதியும் இருக்கும்.

75 முதல் 90 நாளில் புரட்டினாலும் சூடேறாமல், கறுத்து, மழை பெய்த மண் வாசனை வந்தால் எரு தயார். சந்தேகமாக இருந்தால் ஒரு சட்டியில் பாதி மண், பாதி எரு போட்டுப் பத்து விதை ஊன்றுங்கள். எட்டு விதையாவது முளைத்து, நுனி கருகாமல் நின்றால் வயலுக்குப் போகலாம். அரைகுறையாக மக்கிய தட்டையை உழுதால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டு பயிரைப் பட்டினி போட்டுவிடும்.

4. வயலில் போடுவது

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டிப்பரில் கொண்டுபோய்க் குமி குமியாகக் கொட்டி, ஆள் வரவில்லை என்று பத்து நாள் வெயிலில் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வயலைப் பயிர் முழங்கால் உயரம் வந்ததும் போய்ப் பாருங்கள், குமி இருந்த இடம் மட்டும் வட்டம் வட்டமாகக் கரும்பச்சையாக நிற்கும், சுற்றிலும் வெளிறிக் கிடக்கும். கடைசி உழவன்று காலையில் இறைத்து, அன்றைக்கே உழுது மண்ணுக்குள் தள்ளிவிடுங்கள். அப்புறம் 60 செ.மீ. இடைவெளியில் பார் (மண் மேட்டு வரிசை) பிடித்து, பாருக்குள் 25 செ.மீ.க்கு ஒரு விதை ஊன்றலாம்.

5. எரு மட்டும் போதுமா?

வீரிய ஒட்டு ரகத்துக்குப் போதாது, நேராகச் சொல்லிவிடுகிறேன். தொழுஉரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம்தான். 5 டன்னில் 25 கிலோ வரும், அதிலும் முதல் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான், மீதி அடுத்தடுத்த வருடங்களுக்கு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலேயே 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. எரு தருகிற பெரிய லாபம் மண் பொலபொலவென்று ஆவதும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும்தான், மானாவாரியில் பத்து நாள் மழை தவறும்போது அதன் அருமை தெரியும்.

ஆகவே விதை ஊன்றிய 25ஆம் நாளும் 45ஆம் நாளும் பயிரைப் பார்த்து மேலுரம் (வளரும் பயிருக்குப் போடும் யூரியா) முடிவு செய்யுங்கள். அடி இலையின் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக ஆப்பு வடிவில் மஞ்சள் உள்ளே இறங்கினால் தழைச்சத்து போதவில்லை. 25ஆம் நாள் களைவெட்டி மண் அணைக்கும்போதே கொடுத்துவிட்டால் ஒரு கூலி மிச்சம். கையில் எரு மிச்சமிருந்தால் அதையும் தூரோரமாகப் போட்டு மண்ணை அணைத்துவிடலாம்.

ஒரு நாலு பார் மட்டும் எரு போடாமல் விட்டுவையுங்கள். அறுக்கும்போது அந்த நாலு பாரின் கதிரையும் பக்கத்து நாலு பாரின் கதிரையும் தனித்தனிச் சாக்கில் கட்டி எடை போட்டுப் பாருங்கள், அடுத்த வருடம் எவ்வளவு பெரிய குவியல் போடலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.