வீட்டு லேத்தில் வேலை கெடுவது எங்கே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு மேசையில் வைக்கும் சிறிய லேத்தில், அதாவது உலோகக் கம்பியைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரத்தில், கடைந்த கம்பி ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வந்தால், அல்லது மேற்பரப்பு முழுதும் அலையலையாகக் கோடு விழுந்தால், மலிவான இயந்திரம் அப்படித்தான் இருக்கும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். இயந்திரத்திலும் குறை இருக்கலாம். ஆனால் ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள லேத்துக்குப் பட்டறை லேத்தின் கனம் கிடையாது என்பதால், வளையும் இடங்களையும் அசையும் இடங்களையும் தேடி அடைப்பது அதை வைத்திருப்பவரின் பொறுப்பாகிறது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதால் வருபவை.

துருப்பிடிக்காமலிருக்கப் பூசி அனுப்பும் கெட்டிக் கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்தெடுத்து, மெல்லிய எண்ணெய் பூசிய பிறகே ஓட்ட வேண்டும் என்பதைக் கையேடே சொல்லிவிடுகிறது. அது சொல்லாமல் விடுவது, மேசையோடு போல்ட் போட்டு இறுக்குவதில் உள்ள சிக்கலை. மேற்பலகை சமமாக இல்லாதபோது நான்கு மூலைகளையும் பலங்கொண்ட மட்டும் இறுக்கினால், பலகையோடு சேர்ந்து லேத்தின் அடித்தளமான பெட்டும் முறுக்கிக்கொள்கிறது. வார்ப்பிரும்பு பார்வைக்கு அசையாத பொருள்தான். ஆனாலும் சிறிய லேத்தின் பெட் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு முறுக்குவதற்கு ஒரு ஸ்பேனரின் இறுக்கமே போதும், அந்த அளவு முறுக்கே கடைசலில் சாய்வாகத் தெரிந்துவிடும்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 25 மி.மீ. விட்டமுள்ள கம்பியை, கடையும் பொருளைக் கவ்வும் சக்கில் நன்றாகப் பிடித்து, 100 மி.மீ. அளவுக்கு வெளியே நீட்டி, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் முட்டு இல்லாமல், நடுப்பகுதியைச் சற்று மெலிதாகக் கடைந்து இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் மட்டும் மேடாக விட்டுவிட வேண்டும். பிறகு கூர்மையான டூலால் (வெட்டும் கருவி), அதைக் கம்பிக்குக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடை அசைக்காமல், இரண்டு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் மிக மெல்லியதாகச் சீவி மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். சக்கிலிருந்து தள்ளியிருக்கும் வளையம் தடித்திருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்து முன் காலின் அடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்துப் பார்க்கலாம். மெலிந்திருந்தால் பின் காலின் அடியில் வைக்க வேண்டும். எவ்வளவு ஷிம் மாற்றியும் சாய்வு போகவில்லையென்றால், சக்கைத் தாங்கிச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பெட்டுக்கு நேராக அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. இந்தச் சோதனைக்குப் பொறுமை இல்லாதவர்கள், கோணலான பலகையில் இறுக்குவதைவிட, ரப்பர் கால்களிலேயே லேத்தை நிறுத்திவைப்பது எவ்வளவோ மேல்.

டூல் முனையின் உயரத்தைக் கண்மதிப்பில் வைப்பது அடுத்த தவறு. முனை மையத்துக்குக் கீழே இருந்தால், கம்பியின் முனைமுகத்தைச் சமமாகச் சீவும் ஃபேசிங் முடிந்த பின்னும் நடுவில் சிறு மொட்டு ஒன்று மிஞ்சும். மேலே இருந்தால் டூலின் முன்பக்கம் வேலையில், அதாவது கடையும் பொருளில், உரசி, வெட்டாமல் தேய்க்கும். கம்பிக்கும் டூல் முனைக்கும் இடையே மெல்லிய எஃகு ஸ்கேலை வைத்து, கடினமானாலும் நொறுங்கக்கூடிய கார்பைடு முனை உடையாதபடி மிக மெதுவாக அழுத்தினால், அந்த ஸ்கேல் நிற்கும் நிலையே விடை சொல்லிவிடும். நெட்டுக்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

சாட்டர் என்னும் அந்த நடுங்கும் சத்தம் எழுந்ததும் பலரும் டூலை மாற்றுகிறார்கள். டூலை விட்டுவிட்டு, டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டிலிருந்து அது எவ்வளவு நீண்டிருக்கிறது, கிராஸ் ஸ்லைடையும் மேல் ஸ்லைடையும் பிடிக்கும் ஜிப் துண்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, வேலை சக்கிலிருந்து அதன் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் முட்டில்லாமல் நீண்டிருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். ஜிப்பின் ஸ்குரூக்களை, கைப்பிடி சற்றே கனமாக, ஆனால் எங்கும் சிக்காமல் சுழலும் வரை இறுக்குவதே அளவு.

கார்பைடுதான் உயர்ந்தது என்று நம்பி அதையே எல்லா வேலைக்கும் மாட்டுவதும் வீட்டு லேத்துக்குப் பொருந்தாது. கனமான இயந்திரங்களுக்கென்று மழுங்கலாகச் செய்யப்பட்ட, மாற்றி மாட்டும் கார்பைடு வெட்டுமுனைகளான இன்சர்ட்டுகள் அதிக விசையைக் கேட்கும். அதைக் கொடுக்கும் பலம் சிறிய மோட்டாருக்குக் கிடையாது. கூராகத் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல், அல்லது அலுமினியத்துக்கென்று கூராகச் சாணை பிடித்து வரும் இன்சர்ட், இங்கே நன்றாக வெட்டும். வேகத்துக்குக் கணக்கு எளியது: நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்ற வெட்டு வேகத்தை 320ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். மைல்ட் ஸ்டீலை ஹெச்.எஸ்.எஸ். டூலால் கடைய நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று கொண்டால், 25 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 380 சுற்றும், 50 மி.மீ. கம்பிக்கு அதில் பாதியும் வரும். வேகத்தைக் குறைக்கக் குமிழை மட்டும் திருப்பி, கியரை உயர் நிலையிலேயே விட்டுவைப்பவர்கள் மோட்டார் திணறி நிற்பதையும் ஃபியூஸ் போவதையும் அடிக்கடி காண்பார்கள். சுழற்சியை முழுதாக நிறுத்திவிட்டுக் கியரைத் தாழ்நிலைக்கு மாற்றினால் அந்தத் திணறல் குறையும்.

அளவு தவறுவதற்கு முக்கியக் காரணம் ஸ்லைடை நகர்த்தும் ஸ்குரூவின் தளர்ச்சி. கிராஸ் ஸ்லைடை அதிகமாக உள்ளே தள்ளிவிட்டு, அரைச்சுற்று கூடப் பின்னிழுக்காமல் கைப்பிடியிலுள்ள டயலின் கோட்டுக்கு மட்டும் திருப்பினால், டயல் நகர்ந்திருக்கும், டூல் நகர்ந்திருக்காது. நன்றாகப் பின்வாங்கி, மீண்டும் ஒரே திசையில் முன்னேறியே அளவை நிறுத்த வேண்டும். டயல் காட்டுவது ஆரத்திலா விட்டத்திலா குறையும் அளவு என்பதையும் ஒருமுறை கடைந்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. மூன்று ஜா (கவ்வும் தாடை) உள்ள சக்கில் கழற்றி மாட்டிய வேலை பழைய மையத்துக்கு அப்படியே திரும்பி வராது. ஒன்றோடொன்று மையம் பொருந்த வேண்டிய பகுதிகளை ஒரே பிடிப்பில் கடைந்து முடிக்க வேண்டும், இயலாதபோது தாடைகளைத் தனித்தனியே நகர்த்தும் நான்கு ஜா சக்கும், மையவிலகலைக் காட்டும் டயல் கேஜும்தான் வழி.

பாதுகாப்பில் மிக எளிதாக நேரும் தவறு, சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டுச் சுவிட்சைப் போடுவது. அது முகத்தை நோக்கிப் பறக்கக்கூடிய இரும்புத் துண்டு. ஆகவே கீ சக்கில் இருக்கும்வரை கை அதை விட்டு அகலக்கூடாது. கையுறை, மோதிரம், தொங்கும் சட்டைக் கை, கட்டாத முடி ஆகியவற்றில் எதையேனும் சுழலும் வேலை பற்றிக்கொண்டால், கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு பளபளப்பாக்குவதும் இதே வகையில் சேரும். நீண்ட சுருள் சீவலைக் கையால் பிடுங்காமல், லேத்தை நிறுத்திக் கொக்கியால் எடுக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் லேத் முன் நிற்பதைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை. ஹெட்ஸ்டாக்கின் பின்வழியே மெல்லிய கம்பியை நீளமாக நீட்டிவிடுவது பலருக்குத் தோன்றாத ஆபத்து: வேகம் கூடியதும் அது வளைந்து, சாட்டைபோல் சுழன்று அடிக்கும்.

கடைந்த துண்டை டூலால் அறுத்துப் பிரிக்கும் பார்ட்டிங்கில் லேத்தின் எல்லாத் தளர்ச்சியும் ஒரே நேரத்தில் வெளிப்படும். அறுக்கும் இடம் சக்குக்கு ஒட்டியும், டூல் வேலைக்குச் செங்குத்தாகவும், டூலைச் சுமந்து பெட்டின்மேல் நகரும் கேரியேஜ் பூட்டியும் இருக்க வேண்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஊட்டத்தை மட்டும் தயங்காமல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், ஏனெனில் தயங்கினால் டூல் உரசத் தொடங்கிச் சாட்டர் வந்துவிடும். டெயில்ஸ்டாக்கின் கூர்முனையான சென்டர் முட்டுக்கொடுத்திருக்கும் வேலையைக் கடைசிவரை அறுத்தால், பிரியும் துண்டு டூலைக் கவ்விக்கொள்ளும். சில மில்லிமீட்டர் மிஞ்சும்போதே லேத்தை நிறுத்திவிட்டு, மீதியை ஹாக்ஸா வாளால் அறுப்பதே சரி.