டிவி ரிப்போர்ட்டர் ஆக வேண்டுமா? முதலில் வாக்கியத்தை முடிக்கப் பழகுங்கள்

விஸ்காம் படித்தவர், தமிழ் இலக்கியம் படித்தவர், மெக்கானிக்கல் முடித்துவிட்டு வந்தவர் என்று எல்லா வகையினரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அதனால் "எந்த டிகிரி நல்லது அண்ணா?" என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. உங்கள் கையில் ஒரு டிகிரி இருக்கிறது, தமிழ் பிழையில்லாமல் எழுத வரும், தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

1. எந்த வாசல் வழியாக நுழைவது?

முதல் நாளே மைக் கொடுக்க மாட்டார்கள். பெரும்பாலானவர்கள் உள்ளே வருவது டெஸ்க் வழியாகத்தான், அதாவது அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தி எழுதும் பிரிவு. உதவி ஆசிரியர் என்பார்கள். வேலை என்னவென்றால் டிக்கர் (திரையின் கீழே ஓடும் வரி) அடிப்பது, ரிப்போர்ட்டர் அனுப்பும் தகவலைச் செய்தியாக எழுதுவது, பைட்டில் (ஒருவர் மைக்கில் பேசிய பதிவில்) எந்தப் பத்து விநாடி வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது. இரண்டாவது வாசல் அசைன்மென்ட் டெஸ்க், எந்தச் செய்திக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் இடம். நாள் முழுக்கப் போன்தான். மூன்றாவது, சொந்த மாவட்டத்தில் ஸ்ட்ரிங்கராக, அதாவது பகுதிநேரச் செய்தியாளராகச் சேருவது. அதில் பல இடங்களில் மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அதைப் பேசாமல் சேராதீர்கள்.

என்னைக் கேட்டால் ஒரு வருடம் டெஸ்க்கில் உட்காருங்கள். ரிப்போர்ட்டர் அனுப்பும் எந்த ஷாட் குப்பைக்குப் போகிறது என்று பார்த்தவன், பின்னால் அந்த ஷாட்டை எடுக்க மாட்டான்.

2. டைப்பிங்

நுழைவுத் தேர்வில் செய்தி நிறுவனம் அனுப்பிய ஓர் ஆங்கிலச் செய்தியைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் தமிழ்ச் செய்தியாக்கச் சொல்வது வழக்கம். போனில் தங்கிலீஷில் தட்டிப் பழகிய கை அங்கே தடுமாறும். தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். இடது கையில் உயிர், வலது கையில் மெய். இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் விரல் தானாக ஓடும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையே போதும் என்று வாதாடும் நண்பர்கள் எனக்கும் உண்டு. பிரேக்கிங் அடிக்கும் நேரத்தில் அவர்கள் ‘ந’வுக்கும் ‘ன’வுக்கும் இடையே மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

3. டெமோ வீடியோ

வேலை கேட்டுச் சேனல்களுக்கு அனுப்பும் மாதிரி வீடியோ இது. போனே போதும், கேமரா வாடகைக்கு எடுக்காதீர்கள். பணம் செலவழிப்பதென்றால் மைக்குக்குச் செலவழியுங்கள். சட்டையில் குத்தும் வயர் மைக் சில நூறு ரூபாய்தான். புதிதாக வருபவர்களுக்கு வயர்லெஸ்ஸை நான் பரிந்துரைப்பதில்லை, சார்ஜ் போட மறந்துவிடுவோம்.

போனைப் படுக்கவைத்து எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் மினுக் மினுக்கென்று அடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போன் எடுப்பதோ விநாடிக்கு 30 ஃபிரேம். அதை 25க்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை விநாடியில் 50இல் ஒரு பங்காக வைத்தால் மினுக்கல் போய்விடும்.

4. நேரலையில் பேசுவது

நான் விழுந்த இடம் இதுதான். மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு மழை நாளில், ஆள் இல்லாத குறைக்கு என்னை செம்பரம்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். முதல் போனோ, அதாவது நேரலையில் போன் வழியாகச் செய்தி சொல்வது. பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்துகொண்டேன். லைனில் எடுத்ததும் ஆரம்பித்தேன்: "வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி காரணமாகச் சென்னை மற்றும் புறநகர்ப் பகுதிகளில் நள்ளிரவு முதல் கனமழை பெய்து வரும் நிலையில், செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர்வரத்து அதிகரித்துள்ள நிலையில், 24 அடி உயரம் கொண்ட ஏரியின் நீர்மட்டம் வேகமாக உயர்ந்து வரும் நிலையில்..."

அவ்வளவுதான். மூன்று ‘நிலையில்’ போட்டாயிற்று, எந்த நிலையில் என்ன நடந்தது என்று எனக்கே மறந்துவிட்டது. ஸ்டுடியோவில் இருந்த அக்கா, "தொடர்பில் சிக்கல் ஏற்பட்டுள்ளது" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ரொம்ப நாள் அதைப் பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, கோளாறு வாக்கியத்தில். தமிழில் வினை கடைசியில் வரும். எச்சத்தை அடுக்கிக்கொண்டே போனால் முற்றுவினை எட்டாத தூரத்துக்குப் போய்விடும். பேசுபவனுக்கு மூச்சு முட்டும், கேட்பவருக்குச் செய்தியே வந்து சேராது. நடுவில் லைன் கட்டானால் இன்னும் மோசம், மழை பெய்கிறது என்பதைத் தவிர ஒன்றும் போயிருக்காது.

இப்போது நான் செய்வது இது. பேசுவதற்கு முன் உள்ளங்கையில் முற்றுவினைகளை மட்டும் எழுதிக்கொள்வேன்: திறந்தார்கள், நிற்கிறது, சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாலைந்து சொல் வைத்தால் போதும். மாதிரிக்கு (எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை):

"செம்பரம்பாக்கத்தில் உபரிநீரைத் திறந்துவிட்டார்கள். விநாடிக்கு 500 கனஅடி போகிறது. ஏரியின் மொத்த உயரம் 24 அடி, இப்போது 22 அடி தண்ணீர் நிற்கிறது. குன்றத்தூர், திருநீர்மலை பக்கம் அடையாற்றங்கரையில் இருப்பவர்களை மேட்டுப்பகுதிக்குப் போகும்படி நீர்வளத்துறை அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள்."

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி எங்கே போயிற்று? ஸ்டுடியோவில் கேட்டால் சொல்லலாம். கரையோரத்து ஆளுக்குத் தண்ணீர் திறந்ததுதான் செய்தி.

தினமும் காலையில் பேப்பரில் ஒரு செய்தியை எடுத்து, அதிலுள்ள ‘நிலையில்’களை எல்லாம் உடைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்படியே ‘என்பது குறிப்பிடத்தக்கது’வையும் வெட்டுங்கள். குறிப்பிடத்தக்கதென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

5. சட்டத்தில் இரண்டு

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே போகக்கூடாது. குழந்தையென்றால் 2012 போக்சோ சட்டம் 23ஆம் பிரிவு, பெரியவர்கள் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. பெயரை மட்டும் மறைத்துவிட்டுத் தெருவைக் காட்டினாலும், அம்மாவின் முகத்தைக் காட்டினாலும் அடையாளம் போய்விட்டதாகத்தான் அர்த்தம். ஸ்பாட்டில் அவசரத்தில் மறப்பது இதைத்தான்.

பிற்சேர்க்கை: பதிவு போட்டபின் வந்த கேள்விகளில் இரண்டுக்கு மட்டும் பதில்.

திருநெல்வேலித் தம்பி ஒருவர் டெமோவில் ஒரு பிரபல சேனலின் லோகோவை அச்சடித்து மைக்கில் ஒட்டியிருக்கிறார். நன்றாக இருக்கும் என்று நினைத்தாராம். வேண்டாம் தம்பி. அதைப் போட்டிச் சேனலுக்கு அனுப்பினால் சிரிப்பார்கள், அதே சேனலுக்கு அனுப்பினால் கோபப்படுவார்கள். வெறும் மைக்கே போதும்.

இன்னொரு தங்கை, டெமோவை ஏழு இடத்துக்கு அனுப்பியும் ஒரு பதிலும் இல்லை என்று வருத்தப்பட்டிருந்தார். லிங்க்கை எனக்கு அனுப்பச் சொன்னேன். திறந்தால் ‘அனுமதி கேளுங்கள்’ என்று நிற்கிறது. கூகுள் டிரைவில் யாரும் பார்க்கலாம் என்று மாற்றவே இல்லை. மாற்றிவிட்டு ஏழு பேருக்கும் மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அனுப்புவதற்கு முன் வீட்டில் வேறு யார் போனிலாவது ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.