வீட்டு மீடியா அமைப்புக்கு ஏற்ற ரிமோட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

ரிமோட்டின் தோற்றத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன், உங்களிடம் உள்ள ஒவ்வொரு கருவியும் எந்த வழியில் கட்டளையைப் பெறுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். டிவி, ஏவி ரிசீவர் (ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி), டிஸ்க் பிளேயர் போன்றவை பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரால் இயங்குகின்றன. டிவியில் செருகி இணையவழிப் படங்களைப் பார்க்க உதவும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குகள் பலவற்றுக்கு புளூடூத்தோ வைஃபையோ தேவை. அகச்சிவப்பு மட்டும் உள்ள யுனிவர்சல் ரிமோட்டை (பல கருவிகளுக்குமான ஒரே ரிமோட்) வாங்கிய பிறகு ஸ்டிக் மட்டும் அசையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். சந்தேகம் இருந்தால், பழைய ரிமோட்டின் முனையைக் கைபேசிக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். திரையில் வெளிர் ஊதா ஒளி மினுக்கினால் அது அகச்சிவப்பு. பின்பக்கக் கேமராக்களில் அந்த ஒளியை வடிகட்டும் கண்ணாடி இருப்பதுண்டு என்பதால், முன்பக்கக் கேமராவிலும் சோதித்துவிடுவது நல்லது.

அடுத்து, செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் வழியே ஒரு கருவி மற்றொன்றுக்குக் கட்டளையிடும் சிஇசி வசதியை சாம்சங் அனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்ளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. அமைப்புகளில் அதை இயக்கிவிட்டால், டிவி ரிமோட்டே ரிசீவரின் ஒலியளவையும் கவனித்துக்கொள்ளும். மூன்று கருவிகளுக்குள் அடங்கும் வீட்டுக்குப் பல நேரங்களில் இதுவே போதும் என்பது என் கருத்து.

அதற்கு மேல் தேவைப்பட்டால், ஒரே அழுத்தத்தில் பல கருவிகளை இயக்கும் மேக்ரோ வசதியுள்ள ரிமோட்டை நாடலாம். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உள்ளது. சாதாரண பவர் பொத்தான் அனுப்பும் குறியீடு ஒன்றுதான். அது கருவியின் நிலையைத் தலைகீழாக்குமே தவிர, அந்த நிலை என்னவென்று அறியாது. எனவே டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது "படம் பார்" என்ற மேக்ரோவை அழுத்தினால், ரிசீவர் உயிர்பெறும், டிவி அணைந்துவிடும். ஆன், ஆஃப் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு அனுப்பக்கூடிய ரிமோட்டையே தேர்ந்தெடுங்கள். உங்கள் கருவிகள் அந்தக் குறியீடுகளை ஏற்கின்றனவா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செயலியையும் இணையச் சேவையையும் நம்பியிருக்கும் ரிமோட்டுகளில் எச்சரிக்கை தேவை. அந்த வகையில் மிகவும் விரும்பப்பட்ட ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பை லாஜிடெக் 2021-இல் நிறுத்தியது. நிறுவனம் கைவிட்டாலும் இயங்கக்கூடியது, பழைய ரிமோட்டிடமிருந்து நேரடியாகக் குறியீடுகளைக் கற்றுக்கொள்ளும் வகையே.

கணினியே மையமாக இருந்தால் டச்பேடுடன் கூடிய சிறு வயர்லெஸ் கீபோர்டு வசதியானது. அதன் யுஎஸ்பி ரிசீவரை யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு அருகில் செருகினால், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுந்து எழுத்துகள் விடுபடக்கூடும். ஒரு சிறு நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதை வாங்கினாலும், விளக்கை அணைத்துவிட்டு ஒலியளவு, நிறுத்தம் ஆகிய பொத்தான்களை விரல் தானாகக் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிமோட்டுகளையும் பேட்டரியைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். சில கருவிகளின் அமைப்பு மெனுவைத் திறக்கும் பொத்தான் அவற்றில் மட்டுமே இருக்கும்.