எக்ஸ்பர்ட் என்று எழுதுவதற்கு முன்

வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் புரட்டினால் நாட்டில் எக்ஸ்பர்ட் அல்லாதவரே இல்லை என்று தோன்றும். மூன்று மாதம் டேலி படித்தவரும் எக்ஸ்பர்ட், முப்பது வருடம் கணக்கெழுதியவரும் எக்ஸ்பர்ட். திறமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒரே ஏணியின் படிகளாக நினைத்து, உச்சிப் படியில் ஏறி உட்கார்ந்துகொள்வதால் வரும் வினை இது.

துறையில் இருப்பவர்களே சந்தேகம் வந்தால் யாரைத் தேடிப் போகிறார்களோ, அவர்தான் எக்ஸ்பர்ட். அதைப் பிறர் சொன்னால்தான் அழகு. டேலியில் தடங்கலின்றி வேலை செய்ய வருமென்றால் புரொஃபிஷியன்ட் என்று எழுதுங்கள், போதும். ஸ்பெஷலிஸ்ட் என்பது துறையின் எல்லையைச் சொல்கிறது. ஊரே கைராசிக்காரர் என்று கொண்டாடும் பொது மருத்துவரை அப்படி அழைப்பதில்லை. இதய நோய்க்கென்று தனியே படித்து நேற்று வெளியே வந்தவரை அழைக்கலாம்.

அதிகம் சறுக்குவது புரொஃபஷனலில். 'புரொஃபஷனலாகப் பாடுகிறார்' என்று பாராட்டாகச் சொல்கிறோம். ஆங்கிலேயர் காதில் அது முதலில் 'பாடிப் பிழைக்கிறார்' என்றே விழும். எதிர்ப்பக்கம் நிற்கும் அமெச்சூருக்கு அரைகுறை என்ற பொருளும் உண்டுதான். ஆனால் மூலப் பொருள், காசுக்காக அல்லாமல் ஆசைக்காகச் செய்பவர். இங்கிலாந்து கிரிக்கெட்டில் இந்தப் பிரிவினை 1962 வரை சட்டமாகவே இருந்தது. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால், சம்பளக்காரருக்குப் பின்னால். லார்ட்ஸ் மைதானத்தில் ஒருமுறை இளம் ஃப்ரெட் டிட்மஸின் பெயர் 'எஃப். ஜே. டிட்மஸ்' என்று அச்சாகிவிட, 'டிட்மஸ், எஃப். ஜே.' என்று திருத்திப் படிக்குமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிரிக்கெட் நட்சத்திரம் டபிள்யூ. ஜி. கிரேஸும் ஏட்டளவில் அமெச்சூர். அவர் கைக்கு வந்த பணம் தனிக்கதை. அவர் ஆட்டத்தை அரைகுறை என்று யாரும் சொன்னதில்லை.

ஸ்கில்ட், ஸ்கில்ஃபுல் இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் ஏராளம். பயிற்சி பெற்ற தொழிலாளி ஸ்கில்ட். குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளில் வருவதும் அதுவே. காரியத்தைச் செய்த லாகவத்தைச் சொல்ல ஸ்கில்ஃபுல். 'ஸ்கில்ஃபுல் லேபர் தேவை' என்று விளம்பரம் கொடுத்தால் இடறும். ஸ்கில்ஃபுல்லின் எழுத்துக்கூட்டிலும் கவனம் வேண்டும்: பிரிட்டிஷ் வழக்கில் நடுவிலும் கடைசியிலும் ஒற்றை 'எல்' (skilful), அமெரிக்க வழக்கில் நடுவில் இரட்டை (skillful).

பிறவியிலேயே வந்த வரத்துக்கு கிஃப்டட். இருபது வருடம் சாதகம் செய்தவரிடம் இதைச் சொன்னால், உழைப்பை மறந்துவிட்டீர்களே என்று முகம் சுளிக்கவும் கூடும்.

கடைசியாக, 'என் அம்மா நல்ல குக்கர்'. டீச் செய்பவர் டீச்சர் என்ற கணக்கு இங்கே செல்லாது. குக்கர் அடுப்பில் விசில் அடிப்பது. சமைப்பவர் குக். மரியாதைக்காக ஷெஃப் என்று உயர்த்தவும் வேண்டாம். அது உணவகச் சமையலறைப் பதவி.