ஸ்கேம்பி குட்டை: நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

தடா, சூளூர்பேட்டை பக்கம் போர்வெல் தண்ணீர் நன்றாக இருக்கும் இடங்களில் ஸ்கேம்பி என்ற நன்னீர் இறாலுக்குப் புதிதாகக் குட்டை வெட்டும் தம்பிகளைப் பார்த்தால் மனசு அடித்துக்கொள்கிறது. நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். சுண்ணாம்பு போடுவதும் விரால், கெளுத்தியை ஒழிப்பதும் எல்லாருக்கும் தெரியும். அதை விடுவோம்.

எல்லாம் பெருசாகட்டும் என்று காத்திருப்பது

இன்றும் எரிச்சல் தருவது இதுதான். வனாமி இறால் போட்டுப் பழகியவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். வனாமி ஏறக்குறைய ஒரே சீராக வளரும். ஒரே நாளில் வடித்து அள்ளலாம். ஸ்கேம்பியில் ஒரே நாள் விட்ட குஞ்சுதான், ஆறாம் மாதம் ஒன்று 80 கிராம் இருக்கும், இன்னொன்று 10 கிராமில் நிற்கும்.

தீனிக் குறை இல்லை. ஆணில் மூன்று வகை: சின்ன ஆண், ஆரஞ்சுக் கொடுக்கு, நீலக் கொடுக்கு. வேகமாக எடை போடுவது ஆரஞ்சு. நீலமாக மாறியபின் அது அதிகம் வளராது. ஆனால் அது இருக்கும்வரை சின்ன ஆண்களும் தலையெடுக்காது. முட்டை சுமக்கும் பெண்ணும் மந்தமாகத்தான் வளரும்.

என் முதல் குட்டை ஒன்றரை ஏக்கர். ஐந்தாம் மாதம் வீச்சு வலையில் நீலக் கொடுக்காக ஏறியது. "பெருசைப் புடிச்சுடுடா, சின்னதுக்கு வழி விடு" என்றார் அப்பா. "ரெண்டு மாசம் பொறுங்கப்பா, எல்லாமே இந்த சைஸுக்கு வந்துடும்" என்றேன். இரண்டு மாதத் தீனியும் கரைந்தது. வடித்தபோது பொடிசு பொடிசாகவே கிடந்தது. நீலக் கொடுக்குகளின் ஓட்டில் பாசி படிந்திருந்தது. ஓடு உரிப்பதையே நிறுத்தியிருந்தன. தலையையும் கொடுக்கையும் கழித்தால் சதை பாதிகூடத் தேறவில்லை.

ஐந்தாம் மாதத்திலிருந்து பதினைந்து, இருபது நாளுக்கு ஒருமுறை பெருங்கண் வலை இழுத்து நீலக் கொடுக்கையும் முட்டைப் பெண்ணையும் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை உடனே தண்ணீரில் விடுங்கள். அடுத்த இழுப்பில், அதுவரை பொடிசாக நின்றவை எழும்பியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

நெருக்கி விடுவது

சதுர மீட்டருக்கு 4 குஞ்சுக்கு மேல் வேண்டாம்.

குஞ்சை நேரே கொட்டுவது

ஸ்கேம்பி குஞ்சு பொரிப்பது உப்பு கலந்த தண்ணீரில். நன்னீருக்குப் பழக்கிய குஞ்சுதானா என்று கேட்டு வாங்குங்கள். பையைக் குட்டையில் மிதக்கவிட்டு, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விடுங்கள்.

ஒளிய இடம் தராதது

ஓடு உரித்தது மெத்தென்று கிடக்கும், பக்கத்திலிருப்பது தின்றுவிடும். பனையோலை, தென்னை மட்டை, பழைய வலை போடுங்கள்.

ஐஸ் வருமுன் வலை இழுப்பது

கரையில் அரை மணி கிடந்தாலும் சதை குழையும், சமைத்தால் மாவாகும். ஐஸ் தண்ணீர் நிறைந்த டிரம் கரைக்கு வந்த பிறகே வலையைத் தொடுங்கள்.