கிரைண்டிங் மெஷின் தரையைப் பிடிக்கவில்லையா? வேகத்தைக் கூட்டாதீர்கள்

கான்கிரீட் தரையைத் தேய்த்துப் பாலிஷ் போடும் கிரைண்டர் பல்லடத்துத் தறிக்குடோனில் ஓடினாலும் பெருந்துறைக் கம்பெனித் தளத்தில் ஓடினாலும் அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: மெஷின் சுத்துது, தூசி வரமாட்டேங்குது. உடனே வேகத்தைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் மெஷின் மேல் ஆளை ஏற்றி உட்கார வைப்பார்கள். ஆளை ஏற்றுவது ஆபத்து. வேகத்தைக் கூட்டினால் சூடேறிக் கோளாறு இன்னும் முற்றும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சாயுங்கள். டிஸ்க்கின் அடியில் இருக்கும், வைரத் துகள் பதித்த உலோகக் கட்டிதான் செக்மெண்ட். அது ஆறியதும் விரலால் தடவிப் பாருங்கள். கல் உப்பைத் தொட்டதுபோல நறநறவென்று இருக்க வேண்டும். ஒவ்வொரு வைரத் துகளுக்குப் பின்னாலும் சின்ன வால் போல உலோகம் நிற்க வேண்டும். கண்ணாடி போல வழவழவென்று இருந்தால் வைரம் உள்ளே புதைந்துவிட்டது. அம்மி மழுங்கினால் கொத்துகிறோமே, அதே கதைதான். ஒரு கை எம்-சாண்டைத் தூவி, லேசாகத் தண்ணீர் தெளித்து, குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓட்டினால் மேல் உலோகம் தேய்ந்து வைரம் வெளியே வரும்.

திரும்பத் திரும்ப மழுங்கினால் செக்மெண்ட் தேர்வே தவறு. வைரத்தைப் பிடித்து வைத்திருக்கும் உலோகத்தைப் பாண்ட் என்பார்கள். கடினத் தரைக்கு மென்மையான பாண்ட், மென்மையான தரைக்குக் கடினமான பாண்ட். பலரும் இதைத் தலைகீழாக வாங்குகிறார்கள். கடினக் கான்கிரீட்டின் தூசி மாவு போல நைசாக வருவதால் உலோகத்தை அரிக்காது. அதனால் தானே தேயும் மென்மையான பாண்ட் வேண்டும். மணல் உதிரும் தரையில் அதையே போட்டால் ஒரே நாளில் காலியாகிவிடும். மெஷினோடு வந்த வெயிட்டை ஏற்றலாம், ஆனால் பாண்ட் பொருந்திய பிறகுதான் அதற்குப் பலன்.

வட்ட வட்டமாகக் கீறல் விழுந்தால், தேய்ந்த செக்மெண்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு புதியது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உயரமாக நிற்கும் அதுதான் தரையைக் கீறும், மெஷினும் குதிக்கும். மாற்றினால் செட்டாக மாற்றுங்கள். கிரிட் என்பது வைரத் துகளின் நைசு அளவு, எண் கூடக் கூடத் துகள் நைசாகும். மெட்டல் செக்மெண்டில் 30, 60, 120, பிறகு பாலிஷுக்கான ரெசின் பேடில் 100, 200, 400 என்று படிப்படியாகப் போக வேண்டும். 30-லிருந்து நேராக 120-க்குத் தாவினால் பழைய கீறல் அப்படியே நின்று, பாலிஷ் ஏறிய பிறகு வெளிச்சத்தில் பல்லிளிக்கும். ஒவ்வொரு கிரிட்டுக்கும் திசையைக் குறுக்கே மாற்றி, நடுவில் தரையைச் சுத்தமாக உறிஞ்சி எடுங்கள். டிஸ்க் சுற்றும்போது ஒரே இடத்தில் நிற்கவே கூடாது, குழி விழும்.

மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆனால் மோட்டாரைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். சிங்கிள் ஃபேஸில் 15 ஆம்பியர் இழுக்கும் மெஷினுக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 50 மீட்டர் போட்டால் சுமார் 18 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 7 வோல்ட்தான். த்ரீ ஃபேஸ் மெஷின் கிளம்பாமல் உறுமினால் பெரும்பாலும் ஒரு ஃபேஸ் வரவில்லை என்று பொருள். அந்த நிமிடமே அணையுங்கள், விட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகும்.

தூசி உறிஞ்சும் வாக்குவத்தின் ஃபில்டர் அடைத்தால் தூசி ஆளின் நெஞ்சுக்குள் போகும். அது சிலிக்கா தூசி. அதனால் வரும் நுரையீரல் நோய் திரும்பிக் குணமாகாது. மூக்கில் துண்டு கட்டுவது போதவே போதாது, குறைந்தது என்95 மாஸ்க் வேண்டும். தண்ணீர் விட்டு அரைத்தால் வரும் சேற்றைச் சாக்கடையில் தள்ளாதீர்கள், குழாய்க்குள் படிந்து இறுகிவிடும். ஓரமாகத் தேக்கி, காய்ந்த பிறகு மூட்டையில் அள்ளுங்கள்.